நொண்டித் தாளம்

பாட்டு முதலில் உள்ளங்காலுக்குத்தான் வரும். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. காதுக்கு வந்து சேரும்போது பாதி தேய்ந்துபோயிருக்கும். ஸ்பானிய மொழிக்காரன் ஒருவன் எங்கோ தூரத்தில் நின்று யாரையோ கெஞ்சுவது மெலிதாகக் கேட்கும். அவன் குரலுக்குக் கீழே, கடலுக்கடியில் யாரோ நொண்டியடித்துப் போவதுபோல அந்த அடி. டும்... த-டும்-டும். டும்... த-டும்-டும்.

தளம் போடுகிற நாளில் பொழுது விடியும்போதே அது ஆரம்பித்துவிடும். தகடு பரப்பிக் கம்பி கட்டி முடித்த தளத்துக்கு அடியில், முட்டுகளுக்கு நடுவே, கறுப்பு ஸ்பீக்கர்ப் பெட்டிகளைத் தலைகீழாகக் கட்டியிருப்பார்கள். மேலே நாங்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவோம். சட்டிக்குள் கலவை தயிர்போல் நடுங்கும். கொஞ்ச நேரத்தில் நம் கை எது, அடுத்தவள் கை எது என்பது மறந்துபோகும். கடல் மேலேயும் வானம் கீழேயும் இருப்பதுபோல இருக்கும். சங்கராபுரத்தை விட்டு வந்து நான் பார்த்த வேலைகளிலேயே உடம்பு வலிக்காத வேலை அதுதான். வலி தெரியாத வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

"இந்தாளு யாரத்தான் இப்படிக் கெஞ்சறான் தெனமும்?" என்றாள் செவந்தி. வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவள், வாய் ஓயாதவள்.

"பொண்டாட்டி கோவிச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போயிருப்பா" என்றாள் பச்சையம்மா. எங்களில் மூத்தவள்.

"பெர்பெத்தக்கா, என்னாதான் சொல்றான் உங்காளு?"

தளத்தின் ஓரத்தில் பூட்ஸ் போட்டு, மடிக்கணினியோடு நின்றிருந்த பெர்பெத்துவா தலையைத் தூக்காமல் சொன்னாள். "போவாத, இன்னும் ஒரே ஒரு பாட்டு ஆடிட்டுப் போன்னு சொல்லுதான்."

"ஆடலாம். சட்டிய அவன் வந்து தூக்குவானான்னு கேளு."

பெர்பெத்துவா தூத்துக்குடிக்காரி. கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிற கடையில் இருந்தவள். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரர்கள் அவர்கள் ஊர்ப் பாட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவள் பாடுகிறவன் குரலை மெலியவைத்து, அடித்தாளத்தை ஊதிப் பெருக்கி, கார்க் கண்ணாடி அதிர்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பாள். அந்த வகைப் பாட்டுக்கு ரெகேடோன் என்று பெயர். எங்கள் மேஸ்திரி நாகரத்தினத்துக்கு அது வாயில் நுழையவில்லை. நொண்டிப்பாட்டு என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

"ஏம்மா, நம்மூரு குத்துப்பாட்டுல இல்லாத அடியா?" என்று ஒருநாள் அவளிடம் மல்லுக்கு நின்றார்.

"அதையும் போட்டுப் பாத்தாச்சு மேஸ்திரி. அதுல மூச்சு விடவே நேரம் கெடையாது. கல்லெல்லாம் அடியில போய் உக்காந்துக்கிடுது, சிமென்ட் பால் மேல நிக்குது. இது நொண்டி நொண்டிப் போவுதுல்லா, அந்த எடவெளியில காத்துக் குமிழி மேல ஏறி வந்துரும். தளம் கெட்டியா இறுகிக் கெடக்கும்."

இறுகியது மட்டும் அல்ல. காய்ந்த பிறகும் தளம் அந்த அடியை மறப்பதில்லை. அதன்மேல் யாராவது நடந்தால், படுத்தால், காதுக்கு எட்டாத ஆழத்தில் அது திருப்பி அடிக்கும். அந்த வீடுகளுக்குக் கம்பெனி வைத்த பெயர் துயில் இல்லம். ராத்திரியும் பகலும் வண்டி ஓடுகிற, போன் சிணுங்குகிற, வெயில் இறங்காத இந்த நகரத்தில் தூக்கம் கடையில் கிடைக்காத பொருளாகிவிட்டது. மாதிரி வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தரையில் படுத்துப் பார்ப்பார்கள். எழுப்பித்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு விளங்காத ஒன்று இருந்தது. கலவையை மேலே தள்ளுகிற பம்பு தார்ப்பாய் போர்த்திச் சும்மா நின்றது. ஆனாலும் சட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆள் வேலை பிழைத்தது என்று நாங்கள் கேள்வி கேட்கவில்லை. இன்னொன்று விளங்கியதாக நினைத்துக்கொண்டோம். தளம் போடுகிற அன்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சூடம் ஏற்றிப் பூசணிக்காய் சுற்றி, அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வேலை தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். இந்தக் கம்பெனியில் வேலை முடிகிறவரை வெறுங்கால்தான் என்று உத்தரவு.

"நம்மளவிட பக்தியான கம்பெனியா இருக்குதே" என்று மேஸ்திரி பூரித்துப்போனார். சிமென்ட் பால் காலைத் தின்னும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஏறினோம். சாமி காரியம் என்றால் கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று நினைத்தோம்.

தளம் முடிந்தால் பிரியாணி. மீந்த கலவையில் வேலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை ஊற்றிக்கொள்வதும் வழக்கம்தான். வாசற்படி, அம்மிக்கு மேடை, எதையாவது. ஏழாம் தளம் போட்ட அன்று நிறைய மீந்தது. பெட்டிகளை இறக்கி அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நாலு பலகை அடித்து, ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு துவைக்கிற கல் ஊற்றினோம். பெர்பெத்துவா பாட்டை நிறுத்தாமல் ஓடவிட்டாள். செவந்தி ஒரு கையில் பிரியாணித் தட்டோடு நொண்டியடித்து ஆடினாள். நாங்கள் அந்த ஈரக்கல்லைச் சுற்றி வெறுங்காலோடு நின்று சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் தாண்டவராயன்கூட அன்றைக்குச் சிரித்தார்.

அதற்கப்புறம்தான் அவருக்குத் தூக்கம் போனது.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. தகரக் கொட்டகையின் புழுக்கம் என்றோம், கடற்காற்று என்றோம். ஆனால் இவருக்கு ஒரேயடியாகப் போய்விட்டது. ஈரத் தளத்தின்மேல் சின்னப் பெட்டி ஒன்றை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போவதுதான் இவர் வேலை. பாட்டுக்கு எங்கள் எல்லோரையும்விடப் பக்கத்தில் நிற்பவர். டாக்டர் கொடுத்த மாத்திரை வெறும் மாவுபோல உள்ளே போனது. பாயில் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்துகொண்டு, கட்டைவிரலால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

"கண்ணையாவது மூடுய்யா."

"நான் தூங்கிக்கினுதான் இருக்கேன் புள்ள. ஏழாவது மாடில. நல்ல தூக்கம். நாந்தான் அங்க இல்ல."

பேச்சு குறைந்தது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மேலே தகடு பரப்பிக்கொண்டிருந்தபோது, தகடு முடிந்த இடத்துக்கு அப்பாலும் தளம் இருப்பதாக நினைத்து நடந்தார். ஒரு கால் வெளியே போய்விட்டது. மேஸ்திரி இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"பூங்காவனம், இங்க வா" என்று என்னைத் தனியே கூப்பிட்டார். "இவன இனிமே நான் மேல ஏத்த மாட்டேன். கீழ இருந்தாலும் எத்தினி நாளு தாங்குவான்னு தெரியல. தூங்காம மாடே செத்துப்பூடும், மனுசன் எம்மாத்திரம். எதனா பண்ணு."

பெர்பெத்துவா மத்தியானத்தில் பெட்டிகள் வைக்கிற கொட்டகையில் இருப்பாள். போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"உன் பாட்டு என் ஊட்டுக்காரர என்னா பண்ணுச்சு?"

அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

"பாட்டு மட்டும் ஒண்ணும் பண்ணாதுக்கா. மொதல்ல பம்பு வச்சு, ஆளே இல்லாம ஒரு தளம் போட்டாங்க. கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா செத்த தளம். அதுல படுத்தா ஒருத்தருக்கும் தூக்கம் வரல."

"ஆளு நின்னா?"

"ஒரே அடி கீழ கலவையிலயும் போவுது, மேல உங்க எலும்புலயும் போவுது. ரெண்டும் ஒண்ணா அதிரும். கலவ இறுகும்போது, உடம்புக்குள்ள தூக்கத்துக்குன்னு ஒரு தாளம் இருக்கும்ல, அதையும் புடிச்சி வச்சிக்கிட்டு இறுகிருது. செருப்பு போட்டா நடுவுல தடுத்துரும்."

நான் என் காலைப் பார்த்தேன். வெடிப்பில் சிமென்ட் வெள்ளையாக உறைந்திருந்தது.

"அப்ப அது சாமிக்கு இல்ல."

"இல்லக்கா."

"உனக்குத் தெரியும்."

"மூணாம் தளத்துலயே தெரியும். என்ஜினியர்ட்ட சொன்னேன். பேப்பர்ல எழுதிக் கேட்டாரு. எழுதிக் குடுத்தேன். அதோட சரி."

வெளியே காக்கை ஒன்று தகரத்தின்மேல் நொண்டிக்கொண்டு போனது.

"போன தூக்கம் திரும்ப வருமா?"

"கெணறு மாதிரித்தான். எறைக்காம விட்டா ஊறும். உங்களுக்கெல்லாம் ஊறிரும். அண்ணாச்சிக்கு அடியோட வத்திப்போச்சு. கை பம்பு காஞ்சு கெடந்தா மொதல்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்துவீங்கல்ல, அந்த மாதிரி ஊத்துனாத்தான் ஏறும்."

"ஏழாவது மாடிக்கு அவர எவன் உள்ள உடுவான்?"

"மாடி எதுக்கு? நீங்க தெனமும் துணி துவைக்கிற கல்லு இருக்கே." அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அதச் சுத்தித்தான எல்லாரும் நின்னோம். ஆனா ஒண்ணு. மேல உள்ள தளம் பெருசு, தூங்கித் தீக்க வருசக்கணக்குல ஆவும். இந்தக் கல்லுல இருக்கது ஒரு ஆளு ஒரு தடவ தூங்குறதுக்குத்தான் காணும். அதுவும் உங்க எல்லாரோடதும். ஒடச்சிப் பங்கு போடலாம்னு நெனச்சிராதீங்க. இந்தத் தாளம் நிக்கதுக்கு நீளம் வேணும். துண்டாக்குனா வெறுங்கல்லு."

சாயங்காலம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியருகே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. சொன்ன பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தக் கல்லின்மேல் இருந்தது. சோப்பு நுரை காய்ந்து, ஓரத்தில் யாருடைய சட்டைப் பித்தானோ ஒட்டிக் கிடந்த வெறும் கல். செவந்தி அதன் அருகில் போய் உள்ளங்கையை வைத்தாள். முந்தின வாரம் கை நடுங்கிச் சட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டவள்.

"என்னோடதும் இதுல இருக்குதா பூங்காக்கா?"

"இருக்குதுடி."

"நானும் கண்ண மூடி மாசமாவுது" என்றார் மேஸ்திரி, யாரிடமும் இல்லாமல்.

என் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பச்சையம்மாதான் புடவைத் தலைப்பால் கல்லின்மேலிருந்த நுரையைத் துடைத்தாள்.

"சட்டி வந்தா எவ கையிலயும் நிக்கக் கூடாது. அடுத்த கைக்குப் போயிக்கினே இருக்கணும். இத்தன நாளு அதத்தான பண்றோம். தாண்டவனக் கூட்டியாங்கடி."

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்தார். "வெத்தல எச்சி இருக்கும். பரவால்ல, அவன் பாக்கவா போறான்."

அவரைக் கூட்டிவந்து படுக்கவைத்தோம். கண் திறந்தே இருந்தது. தட்டினால்தான் கல் விழிக்கும் என்று பெர்பெத்துவா சொல்லியிருந்தாள். ஆளுக்கொரு துணியை நனைத்துக்கொண்டு கால்மாட்டில் நின்றோம். பச்சையம்மா ஓங்கி ஒரு அடி. பிறகு நானும் செவந்தியும் சேர்ந்து குட்டியாக இரண்டு. டும்... த-டும்-டும். துணியிலிருந்து தெறித்த தண்ணீர் கடைசி வெயிலில் பொன்னாகப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் துணி தானாக எழுந்து தானாக விழுவதுபோல் இருந்தது. கல் எங்களுக்குப் பதில் சொல்வது காலில் தெரிந்தது. தாத்தா காலத்து ஏரி ஒன்று அடியில் புரண்டு படுப்பதுபோல. இவருடைய கட்டைவிரல் தட்டுவதை நிறுத்தியது. இமை இறங்கியது. சின்னதாக ஒரு குறட்டை வந்தது.

செவந்தி துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். வெயில் படாமல் மேலே பாய் பிடித்துக் கட்டினோம். சோறு தின்ன வந்தவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து சத்தமில்லாமல் தின்றார்கள். கல்யாண வீட்டில் தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கண் விழித்ததும் அவர் கேட்டது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தார். பிறகு பச்சையம்மாவை உற்றுப் பார்த்தார்.

"யக்கா, உங்க கொல்லையில ஒரு செவலப் பசு, மனுசி மாதிரி சம்மணம் போட்டு ஒக்காந்து கடலை உரிக்குது. உரிச்சி உரிச்சி உன் மடியில போடுது. நீ 'போதும்டி, போதும்டி'ங்கற. அது கேக்கல."

பச்சையம்மா சோற்றுக் கையை அப்படியே வைத்தாள். "அது என் மாடு. வித்துட்டேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் தூங்கியவர், எங்கள் கனவுகளையும் கண்டிருக்கிறார்.

"செவந்தி, நீ பஸ் ஓட்டற. கூறப்புடவ கட்டிக்கினு. பஸ்சு ஆத்துமேல போவுது, தண்ணி வழிவிடுது. கண்டக்டரு உங்க மாமியா."

"டிக்கெட்டு குடுத்தாளா அண்ணே?"

"உனக்கு மட்டும் குடுக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி வாழைத்தண்டில் சாரம் கட்டி அதன் உச்சியில் மீசையோடு ஊஞ்சல் ஆடினாராம். ஒவ்வொருவராகத் தம்முடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவர்கள் தோள் தாழ்ந்தது. கொட்டாவி ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சட்டிபோலக் கைமாறியது. எத்தனை நாள் ஆயிற்று கொட்டாவி விட்டு.

"எனக்கு?" என்றேன்.

"உனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல புள்ள. ஒரு வெள்ளச் செவுரு. நீ அதும்மேல சாஞ்சிக்கினு நிக்கற. சும்மா நிக்கற. ஒருத்தரும் உங்கிட்ட ஒரு வேலையும் சொல்லல."

நான் அந்தச் சுவரைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு இருக்குது" என்றார். "அது யாருதுன்னு தெரியல. இடுப்பளவு தண்ணி. எதுக்க ஒரு கப்பலோட இரும்புப் பக்கம், மலையாட்டம். ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு கையையும் அதும்மேல வெச்சிக்கினு நிக்குது. உள்ள யாரோ பாட்டுப் போட்டு ஆடறாங்க. அதுக்குச் சத்தம் கேக்கல, கையில மட்டும் தெரியுது. அவங்கப்பா உள்ள இருக்காருன்னு நெனச்சிக்கினு நிக்குது."

யாரும் கை நீட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நெனப்பு இல்ல அண்ணாச்சி. உள்ளதான் இருந்தாரு."

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பெர்பெத்துவா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"நீ பூட்ஸ் போட்டுக்கினுதான நிப்ப?" என்றேன்.

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கித் தூக்கினாள். பூட்ஸுக்கு அடிப்பாகமே இல்லை. வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. எங்களுடையதைப் போலவே வெடித்த, வெளுத்த உள்ளங்கால்.

"கால்ல கேக்காம தாளம் சரியா இருக்கான்னு எப்பிடித் தெரியும்? மொதல் தளத்துலேருந்தே இப்பிடித்தான்."

எங்களுக்கு முன்பிருந்து தூங்காதவள். கல்லில் தன் பங்கும் இருக்கிறது என்று அவள் வாயைத் திறக்கவே இல்லை. பச்சையம்மா நகர்ந்து இடம் விட்டாள். அவள் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி."

இவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். இடுப்பளவு தண்ணீர், இரும்பு மலை, சின்னக் கைகள். கப்பலுக்குள் யார் யார் ஆடினார்கள் என்று இந்த முறை கொஞ்சம் கூடவே சொன்னார். அவளுடைய அப்பா கப்பலுக்குள்ளிருந்து அதே இடத்தில் கை வைத்தார் என்றார். அது கனவில் இருந்ததோ, இவரே சேர்த்ததோ, நான் கேட்கவில்லை. பாதியிலேயே பெர்பெத்துவாவின் தலை பச்சையம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டது. இவர் நிறுத்தாமல், குரலை மட்டும் இறக்கிச் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்தது ஆள் குடியிருக்கிற தளங்களில் கடைசி, மொட்டை மாடிக்குக் கீழ்த் தளம். சூடம் ஏற்றினோம். பூசணிக்காய் சுற்றினோம். மேஸ்திரி கும்பிட்டு முடித்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"ம். போட்டுக்கோங்க."

கழற்றிவைத்த செருப்பை எல்லோரும் மாட்டிக்கொண்டோம். பெர்பெத்துவாவின் பூட்ஸில் பழைய டயரை வெட்டித் தைத்த புது அடிப்பாகம். கீழே கண்ணாடி அறையிலிருந்து என்ஜினியர் பார்த்தால் எங்கள் தலைதான் தெரியும். இந்தத் தளத்துக்கு ஆள் குடிவந்து, படுத்துப் பார்த்து, தூக்கம் வரவில்லை என்று சொல்கிற அன்றைக்கு எங்களை அனுப்பிவிடுவார்கள். பம்பின் தார்ப்பாயை எடுப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தாண்டவராயன் கீழே கலவை எந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்.

பாட்டு வழக்கம்போல ஆரம்பித்தது. பெர்பெத்துவா காலில் கேட்கவில்லை. சட்டியில் நடுங்குகிற கலவையைப் பார்த்துப் பார்த்தே தாளத்தைச் சரிசெய்தாள். அடி வந்து ரப்பரில் முட்டி நின்றது. முதல் சட்டி என் கைக்கு வந்தபோது தோள்பட்டையில் சுரீர் என்றது. இத்தனை மாடி ஏற்றியும், ஒரு சட்டிக் கலவை எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"யம்மாடி, என்னா கனம் கனக்குது" என்றாள் செவந்தி, சிரித்துக்கொண்டே. அவளுக்குக் கொட்டாவி வந்தது.

அடியில் அந்த ஸ்பானியக்காரன் தன்பாட்டுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தான். போகாதே, இன்னும் ஒரே ஒரு பாட்டு. நாங்கள் ஆளுக்கு ஆள் சட்டியைத் தள்ளிவிட்டோம். தளம் எங்கள் காலுக்குக் கீழே கெட்டியாக, ஊமையாக இறுகிக்கொண்டிருந்தது. யார் வந்து குடியேறுவார்களோ, அவர்களுடைய தூக்கத்தை அவர்களே தூங்கிக்கொள்ளட்டும்.